கைக்கு வரும் 130ஆ, காகிதத்தில் இருக்கும் 163ஆ?

இரட்டை மனம்:
இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தொகையை வெளியே சொல்ல விருப்பமில்லை. அதனால் என் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடத்தில் நிலையான சம்பளம் 130. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. விடுப்பு 15 நாள். வாரம் ஐந்து நாளும் அலுவலகம் போக வேண்டும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால்.

இரண்டாவது இடத்தில் நிலையான சம்பளம் 112. இலக்கு போனஸ் அதில் 15 சதவீதம். சேரும்போது ஒருமுறை 10. நான்கு ஆண்டில் 60 மதிப்புள்ள பங்குகள். ஓய்வுக்கால நிதிக்கு நான் 5 சதவீதம் போட்டால் அவர்களும் 5 சதவீதம் போடுவார்கள். அப்பா அம்மாவையும் சேர்த்த மருத்துவக் காப்பீட்டுக்கு 4 என்று மதிப்பு போட்டிருக்கிறார்கள். விடுப்பு 24 நாள், வாரம் இரண்டு நாள் போனால் போதும். தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான். கடிதத்தின் அடியில் "முதல் ஆண்டு மொத்தம் 163" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது.

வீட்டில் 130க்குப் போ என்கிறார்கள். நண்பர்கள் 163 என்கிறார்கள். தூக்கம் போய்விட்டது.

கையில் காசு:
வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். அந்த 163இல் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழப்போவது 112இல் பன்னிரண்டில் ஒரு பாகம் மட்டும்தான். மீதி 51ம் "வந்தால் வரும்" கணக்கு. ஏட்டுச் சுரைக்காய்.

அப்புறம், ஊதிய உயர்வு எதன் மேல் வருகிறது என்று பாருங்கள். நிலையான சம்பளத்தின் மேல்தான். இரண்டு இடத்திலும் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்றால், இன்றைய 18 வித்தியாசம் நான்காம் ஆண்டில் ஏறக்குறைய 23 ஆகிவிடும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, வேலை போனால் தரும் தொகை, அடுத்த கம்பெனியில் நடக்கும் பேரம், எல்லாம் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணைத்தான் பார்க்கும்.

பேரேடு:
163ஐ நம்ப வேண்டாம் என்பது சரி. அதற்காக 112தான் உண்மை என்றால் அதுவும் தப்புக் கணக்கு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் காலாண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. தனியார் துறையில் ஓர் ஆளுக்கு நிறுவனம் செலவழிப்பதில் சம்பளம் சுமார் 70 சதவீதம்தான். விடுப்பு, போனஸ், காப்பீடு, ஓய்வுக்காலம், சட்டப்படி முதலாளி கட்டுவது எல்லாம் சேர்ந்து மீதி 30. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்ஜியம் போடலாமா?

நான் போடுவது இப்படி. சேரும்போது தரும் 10 ஒரே ஒரு முறை வருவது. மூன்று ஆண்டு இருப்பீர்கள் என்றால் ஆண்டுக்கு 3.3. போனஸ் 16.8 என்பது இலக்கு, வாக்குறுதி அல்ல. 60 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் 10. ஓய்வுக்கால நிதிக்கு அவர்கள் போடும் 5.6ஐ முழுசாக எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எத்தனை ஆண்டு இருந்தால் அது உங்களுடையதாகும் என்று கேளுங்கள். காப்பீடு 4. பங்குகளுக்கு இப்போதைக்குப் பூஜ்ஜியமே போடுகிறேன், கையில் காசுக்கு மனம் குளிரட்டும். கூட்டினால் 135. இவ்வளவு கஞ்சத்தனமாகப் போட்டும் 130ஐத் தாண்டுகிறது.

நேரத்தை இன்னும் தொடவே இல்லை. வாரம் மூன்று நாள் பயணம் மிச்சம், ஆண்டுக்கு 46 வாரம், நாளைக்கு இரண்டரை மணி நேரம். மொத்தம் 345 மணி. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 43 நாள். கூடுதல் விடுப்பு ஒன்பது நாள் தனி.

கையில் காசு:
அந்த 43 நாளில் எத்தனை நாள் வீட்டிலிருந்தே கூடுதலாக உழைப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள் பேரேடு. எனக்குத் தெரிந்து, பயணம் மிச்சமான நேரத்தில் பாதியை மீட்டிங்தான் தின்றது.

எனக்கு இது புத்தக அறிவு இல்லை, பட்ட அறிவு. ஒருமுறை பெரிய பேக்கேஜைப் பார்த்து மயங்கி ஓர் இடத்தில் சேர்ந்தேன். பத்தாம் மாதம் மேலாளர் மாறினார், இருக்க முடியவில்லை, கிளம்பினேன். பங்குகளுக்கு ஓராண்டு தடுப்பு இருந்தது. சேர்ந்து ஓராண்டு முடியும் வரை இல்லாதவனுக்கு ஒரு பங்குகூட இல்லை. அது போகட்டும். சேரும்போது கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்ததை 100 என்று வைத்தால், என் கைக்கு வந்தது வரி பிடித்தபின் 70. கேட்டது 100. வரியாகப் போன 30ஐ நான் வரித்துறையிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். அந்தக் கடைசி மாதச் சம்பளச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். நிகரத் தொகை என்ற இடத்தில் கழித்தல் குறி போட்டிருக்கும்.

சலுகைப் பிரிவுக்காரன்:
ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைத் தயார் செய்தவன் நான். அடியில் வரும் மொத்தம் நிறுவனத்துக்கு ஆகும் செலவு. உங்களுக்குக் கிடைக்கும் பயன் வேறு. பயிற்சிக்கு இவ்வளவு, நீங்கள் ஏறவே போகாத அலுவலகப் பேருந்துக்கு இவ்வளவு என்று அதற்குள் போட்டுவிடுவோம். ஒரு முறை டேபிள் டென்னிஸ் மேசையையும் போடலாமா என்று மேலே ஒருவர் கேட்டார், வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று நம்புகிறேன்.

இது மறுபக்கமும் வெட்டும். காப்பீட்டுக்கு 4 என்று போட்டிருப்பது குழுவாக வாங்கும் விலை. பெற்றோருக்கு ஏற்கெனவே நோய் இருந்து நீங்கள் தனியாக வாங்கப் போனால் அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம். துணைவரின் அலுவலகத்திலேயே எல்லோருக்கும் காப்பீடு இருந்தால் அதே 4 உங்களுக்குப் பூஜ்ஜியம். ஆக, ஒவ்வொரு வரியையும் வீட்டு நிலையைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

பழைய பங்குதாரர்:
பங்கு என்றதும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். நேரடியாகத் தரும் பங்கு வேறு, குறித்த விலையில் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை வேறு. விலை ஏறாவிட்டால் இரண்டாவது வெறும் தாள். வேலையை விட்டால் பல ஒப்பந்தங்களில் 90 நாளுக்குள் கைக்காசைப் போட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் போய்விடும். சந்தையில் பட்டியலிடாத நிறுவனம் என்றால் வாங்கியதை விற்கவும் வழி இருக்காது.

60ஐ நான்கால் வகுத்து ஆண்டுக்கு 15 என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள், ஆனால் எல்லா இடத்திலும் சமமாகப் பிரிப்பதில்லை. அமேசான் நெடுங்காலம் 5, 15, 40, 40 சதவீதம் என்றுதான் கொடுத்தது. முதல் இரண்டு ஆண்டுப் பள்ளத்தைப் பணமாகத் தந்து நிரப்பியது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் திவாலானபோது, ஓய்வுக்காலச் சேமிப்பைப் பெரும்பாலும் அதே கம்பெனியின் பங்கில் வைத்திருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, சேமிப்பும் போயிற்று.

பேரேடு:
அதனால்தான் பூஜ்ஜியம் போட்டேன், பழைய பங்குதாரரே. பட்டியலிட்ட கம்பெனி என்று தெரிந்தால் பாதி போடுவேன், அதற்கு மேல் இல்லை.

கையில் காசுக்கு ஒரு கேள்வி. உங்களுக்கு நடந்தது பேக்கேஜின் குற்றமா, ஒப்பந்தத்தைப் படிக்காத குற்றமா? 130 கொடுக்கும் இடத்திலும் மேலாளர் மாறுவார்.

கையில் காசு:
மாறுவார். ஆனால் மாறினால் அடுத்த மாதமே கிளம்பலாம், யாருக்கும் பைசா பாக்கி இல்லை. அந்தச் சுதந்திரத்தை உங்கள் பேரேட்டில் எந்த வரியில் எழுதுவீர்கள்?

பேரேடு:
வரி இல்லைதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

இரட்டை மனம்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது நிறுவனத்துக்கு நேற்று நான்கு கேள்வி அனுப்பினேன். கடந்த மூன்று ஆண்டில் இலக்கு போனஸில் கொடுத்தது 90, 40, 65 சதவீதம். சராசரி 65, ஆக பேரேடு போட்ட 60 மோசமில்லை. நிறுவனம் பட்டியலிட்டதுதான், பங்குகளுக்கு ஓராண்டு தடுப்பு உண்டு. சேரும் தொகையை இரண்டு ஆண்டுக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டும். வரிக்கு முந்தைய தொகையா, கைக்கு வந்ததா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

நான்காவது காப்பீடு. அப்பாவுக்கு இரண்டு ஆண்டு முன்பு ஸ்டென்ட் வைத்தோம். அதற்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு செல்லும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வெளியே விசாரித்ததில் 11 கேட்கிறார்கள், இதய நோய்க்கு மூன்று ஆண்டு காத்திருக்கவும் வேண்டுமாம். இதைப் படித்ததும் வீட்டில் 130 என்ற பேச்சே நின்றுவிட்டது.

அப்புறம் கையில் காசு சொன்னதை வைத்து ஒன்று கேட்டுப் பார்த்தேன். அந்த 10 எனக்கு வேண்டாம், நிலையான சம்பளத்தை 116 ஆக்குங்கள் என்றேன். 115க்கு வந்தார்கள்.

கையில் காசு:
பலே. 10ஐ விட்டு ஆண்டுக்கு 3 வாங்கியிருக்கிறீர்கள். மூன்றரை ஆண்டுக்குள் போட்டது திரும்பிவிடும், அதற்கு மேல் லாபம், போனஸும் 115இன் மேல்தான் கணக்காகும். திருப்பித் தரும் தொல்லையும் ஒழிந்தது. நான் இன்னும் 130 பக்கம்தான், ஆனால் அப்பா விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன். இதெல்லாம் மெயிலில் இருந்தால் போதாது, திருத்திய கடிதத்தில் வர வேண்டும்.

இரட்டை மனம்:
கடிதம் இப்போதுதான் வந்தது. 115 இருக்கிறது, சேரும் தொகை இல்லை. மூன்றாம் பக்கத்தில் காப்பீட்டுக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில் நான்கு வரி இருக்கிறது. படித்துவிட்டு வருகிறேன்.