குவாடை விட்டு இன்லைனுக்கு மாற்ற வேண்டுமா?

கோவை_அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 9 வயது. பள்ளி மைதானத்தில் குவாட் ஸ்கேட்ஸில் (முன்னே இரண்டு, பின்னே இரண்டு சக்கரம்) பழகுகிறாள். "அடுத்த வருஷம் இன்லைன் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருப்பது) வாங்கிவிடுங்கள், எத்தனை நாள் குவாடிலேயே ஓட்டுவாள்" என்கிறார் மாஸ்டர். அவளுக்கோ பந்தயத்தில் ஆசை இல்லை. வகுப்பு முடிந்ததும் ஓரமாகப் போய் ஒற்றைக் காலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஐஸ் ஸ்கேட்டிங் வீடியோ பார்த்துவிட்டு அந்தத் தாவல்கள்தான் வேண்டும் என்கிறாள். குவாட் ஆரம்பப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? ஐஸ் இல்லாத ஊரில் இவளுக்கு என்ன வழி?

எட்டுச்சக்கரம்:
சகோதரி, அவசரப்பட்டு மாற்றாதீர்கள். குவாட் கீழ் வகுப்பு, இன்லைன் மேல் வகுப்பு என்று நம் ஊரில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நான் பள்ளி நாளிலிருந்து ஆர்டிஸ்டிக் (தாவலும் சுழலுமாக ஆடும் ஸ்கேட்டிங்) ஆடியவள், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இந்த எண்ணத்தால் நல்ல பிள்ளைகள் கைவிட்டுப் போவதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

உங்கள் மகள் கேட்பதற்கு ரோலரிலேயே பெயர் இருக்கிறது: ஆர்டிஸ்டிக் ஃப்ரீ ஸ்கேட்டிங். ஆக்ஸல், லுட்ஸ், ஃபிளிப், சால்கோவ் என்று ஐஸில் ஆடும் தாவல்கள் எல்லாம் இதிலும் உண்டு. ஐஸ் ஷூவின் பிளேடு முனையில் இருக்கும் பற்களின் வேலையை இங்கே முன்பக்க ரப்பர் ஸ்டாப்பர் செய்கிறது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு அனூப் குமார் யாமா தனிநபர் பிரிவில் வெண்கலம் வாங்கினார், அவனி பஞ்சாலுடன் ஜோடியாக இன்னொன்று. இரண்டும் ஆர்டிஸ்டிக்கில்தான்.

ஒற்றைக் காலில் சுற்றுகிறாள் என்றீர்களே, அதைத் தடுக்கவே தடுக்காதீர்கள். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, கோட்டை விடாமல் ஒரே காலில் வரச் சொல்லுங்கள். உடம்பு சாயும் பக்கம் சக்கர அச்சு தானாகத் திரும்பும். அந்தச் சாய்வுதான் எட்ஜ். தாவலும் சுழலும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. ஐஸில் இந்த வட்டப் போட்டியை 1990-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். ரோலரில் 'ஃபிகர்ஸ்' என்று தனிப் பிரிவாகவே உண்டு. எனக்கு அதுதான் உயிர்.

ஷூ சரியான அளவில் இருக்கட்டும். நீட்டிச் சுருக்கும் ஸ்கேட்ஸில் கணுக்கால் ஆடும், அதில் தாவ விடாதீர்கள்.

வேகவீரன்:
அக்கா சொல்வது சரிதான். ஆனால் இன்லைனை ஒதுக்கவும் வேண்டாம். நான் ஸ்பீட் ஆள். 110 மில்லிமீட்டர் சக்கரம், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூ. அந்த வேகமே தனி. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரிலும் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். ஐஸுக்கும் இங்கிருந்து வழி உண்டு: 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் ஸ்பீட் ஸ்கேட்டிங் 500 மீட்டரில் தங்கம் வென்ற அமெரிக்காவின் எரின் ஜாக்சன் இன்லைனில் வளர்ந்தவர். தாவலும் சுழலும்தான் பிடிக்கும் என்றால் மட்டும் ஸ்பீட் ஷூவை வாங்காதீர்கள். ஓடத்தான் அது.

ஸ்கார்பரோ_வாசி:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். என் மகன் ஐஸ் ஹாக்கி, மகள் ஐஸில் தாவிச் சுழலும் ஃபிகர் ஸ்கேட்டிங். ஹாக்கி ஷூவில் முனைப் பற்களே கிடையாது, அதனால் ஒருவர் ஷூ மற்றவருக்கு உதவாது. என் மகள் ரோலரில் பழகிவிட்டு ஐஸுக்கு வந்தவள். சாயப் பயமில்லை, விழப் பயமில்லை. பிரேக் பிடிப்பதை மட்டும் முதலிலிருந்து கற்றாள். ஐஸில் பிளேடைப் பக்கவாட்டில் தேய்த்து நிற்க வேண்டும்.

கோவை_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. அவளிடம் படித்துக் காட்டினேன், இப்போதே சாக்பீஸ் கேட்கிறாள். எங்கள் மொட்டை மாடி கொஞ்சம் சொரசொரப்பு. அங்கே பழகலாமா?

எட்டுச்சக்கரம்:
கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் வட்டம் மட்டும் போடட்டும், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் கட்டாயம். சொரசொரப்பான தரைக்கு மெத்தென்ற சக்கரம் வேண்டும். சக்கரத்தில் 78ஏ, 85ஏ என்று அச்சிட்டிருப்பார்கள், எண் குறைந்தால் மென்மை. 95ஏ போன்றவை வழவழப்பான உள்ளரங்கத் தரைக்கு. தாவலை மாடியில் வேண்டாம், அதற்கு வழவழப்பான ரிங்க்கும் பக்கத்தில் ஒரு ஆர்டிஸ்டிக் கோச்சும் வேண்டும். உங்கள் மாஸ்டரிடமே கேளுங்கள், மாவட்டப் போட்டிகளுக்குப் போகிறவர் என்றால் அவருக்கு யாரையாவது தெரிந்திருக்கும்.