ஈறுக்கு அடியில் எலும்பு வளர்க்கும் சிகிச்சை: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கிவிடலாம் என்றார்கள். இன்னொரு ஈறு நிபுணரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயைப் பார்த்தவர், எலும்பு எல்லா இடத்திலும் தேயவில்லை, வேரின் ஒரு பக்கம் மட்டும் குறுகலாக, ஆழமாகக் குழி விழுந்திருக்கிறது, மூன்று புறமும் எலும்புச் சுவர் நிற்கிறது, முயன்று பார்க்கலாம் என்றார். ஈறுப் பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழுந்த இடைவெளியின், ஆழம் 8 மி.மீ.

ஈறைத் திறந்து, வேரில் படிந்திருந்த காரையைச் சுரண்டி, குழியில் மாட்டு எலும்புத் துகளை நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வைப் போர்த்தித் தைத்தார். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை; வீக்கம்தான் தொல்லை.

இவையெல்லாம் எதற்கு என்று கேட்டேன். சும்மா மூடித் தைத்தால் ஈறின் மேல்தோல் வேரை ஒட்டி விறுவிறுவென்று கீழே இறங்கிவிடுமாம். பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களை உண்டாக்கும் செல்கள் நிதானமானவை. தோல் முந்திக்கொண்டால் அவற்றுக்கு இடமே இல்லை. சவ்வு தோலைத் தடுத்து நிறுத்துகிறது. துகள், சவ்வு குழிக்குள் சரிந்துவிடாமல் தாங்குகிறது, எலும்பு வளரப் பிடிமானமும் தருகிறது. மீதி வேலை நம் உடம்புடையது. இதைக் கேட்ட பிறகுதான் சிகிச்சை மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் சில வாரம் அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மட்டும். ஆறு மாதம் ஆகும்வரை பையை அளக்கவே மாட்டேன் என்று மருத்துவர் உறுதியாக இருந்தார். இப்போது ஆழம் 4 மி.மீ., ஆட்டமும் குறைந்துவிட்டது. ஈறு கொஞ்சம் இறங்கியதால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது.

*

நான் ஈறு மருத்துவத்தில் இருப்பவள். உங்கள் மருத்துவர் ஆறு மாதம் காத்திருந்தது மிகச் சரி. அதற்குமுன் அளவுகோலை நுழைத்தால் புதிதாக ஒட்டிய திசு பிய்ந்துவிடலாம்.

எக்ஸ்ரேயில் குழி வெள்ளையாகத் தெரிந்தால் எலும்பு வந்துவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். மாட்டு எலும்புத் துகளே வெள்ளையாகத்தான் தெரியும், அது கரையவும் வருடக்கணக்காகும். பையின் ஆழத்தையும், திசு வேரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1982இல் சுவீடனில் ஈறு நிபுணர் நைமனும் சகாக்களும் ஒரு மனிதப் பல்லில் ஆய்வக வடிகட்டித் தாளைத் தடுப்பாக வைத்து இந்த வழியைக் காட்டினார்கள். பிறகு வந்த டெஃப்லான் வகைச் சவ்வை எடுக்க இன்னொரு அறுவை தேவைப்பட்டது. கொலாஜன் தானே கரைந்துவிடுவதால் அந்தச் சிரமம் இல்லை. இதே நோக்கத்துக்கு, வளரும் பன்றிப் பல்லிலிருந்து எடுக்கும் எனாமல் புரதக் களிம்பும் உண்டு. எந்த விலங்கிலிருந்து வந்த பொருள் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வது எங்கள் கடமை. வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைத் துகள் இருக்கிறது. சொந்த ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் என்ற உறைபுரதமும் இருக்கிறது.

*

என் அப்பாவுக்குப் பலன் குறைவு. தையல் பிரிந்து சவ்வு வெளியே தெரிந்தது, தொற்றும் வந்தது. சிகரெட்டை விட்ட பிறகு செய்வோம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார், அப்பா விடவில்லை. பை 7 மி.மீ.இலிருந்து 6க்குத்தான் வந்தது. பக்கத்துப் பற்களில் எலும்பு குழி விழாமல் ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்ததால் அங்கே துகள் வைக்கவில்லை. சுத்தம் செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.