அமெரிக்க வெளியுறவுத் துறையில் தெற்காசியாவைக் கவனிக்கும் உதவிச் செயலர்: அதிகாரம் எதுவரை?

வைகைக்கரை
யூபிஎஸ்சி சர்வதேச உறவுகள் பகுதிக்காகக் கேட்கிறேன். அமெரிக்காவின் தெற்கு, மத்திய ஆசிய விவகாரங்களுக்கான உதவிச் செயலர் டெல்லிக்கோ கொழும்புக்கோ வந்தால் பெரிய செய்தியாகிறது. அங்கே தூதர் இருக்கும்போது இவருக்கு என்ன வேலை? யார் சொல் எடுபடும்? செனட் ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனால் அந்த நாற்காலி என்னவாகும்?

கோப்புக்காரன்
தூதர் இவருக்குக் கீழே பணிபுரிபவர் அல்ல. அவர் அதிபரின் நேரடிப் பிரதிநிதி. ராணுவத் தளபதியின் கட்டளையில் இருப்பவர்கள் நீங்கலாக, அந்நாட்டில் உள்ள அமெரிக்க அரசு ஊழியர் அனைவரும் தூதரின் பொறுப்பில்தான்.

ஆனால் தூதர் இன்று என்ன பேச வேண்டும் என்ற தந்தி எப்படிப் போகிறது என்று பாருங்கள். நாட்டுக்குரிய டெஸ்க் அதிகாரி வரைவு எழுதுவார். சம்பந்தப்பட்ட மற்ற பிரிவுகள் ஒப்புதல் தரும். முக்கியமானது என்றால் உதவிச் செயலர் பார்த்து அனுப்புவார். அடியில் இருப்பது வெளியுறவு அமைச்சர் பெயர், வாசகம் உதவிச் செயலர் நடத்தும் பிரிவினுடையது. அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

இவர் அறிக்கை கொடுப்பது அரசியல் விவகாரங்களுக்கான அண்டர் செக்ரட்டரியிடம். அது அங்கே மிக உயர்ந்த பதவி, நம்மூர் அண்டர் செக்ரட்டரியோடு குழப்பினால் விடை தவறும். நம் வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு பிராந்தியப் பிரிவை நடத்தும் ஜாயின்ட் செக்ரட்டரியை ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் அவருக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை.

செந்தூரன்
காலியிடம் பற்றி: 1998 சட்டப்படி தற்காலிகப் பொறுப்பாளர் 210 நாள் இருக்கலாம். புது அதிபர் பதவியேற்கும் சமயத்தில் காலியானால் 300 நாள். ஒருவரை முன்மொழிந்து பெயர் செனட்டில் நிலுவையில் இருக்கும்வரை அவர் தொடரலாம். கெடு முடிந்தால் 'தற்காலிக' என்ற பட்டம் போய்விடும். பிரிவின் மூத்த அதிகாரி என்ற நிலையில் அதே வேலையைப் பார்ப்பார். 2017 ஜனவரியில் நிஷா பிஸ்வால் விலகியதிலிருந்து 2021 செப்டம்பரில் டொனால்ட் லூ வரும்வரை செனட் ஒப்புதல் பெற்றவர் யாருமே இல்லை. பெரும்பகுதி ஆலிஸ் வெல்ஸ் நடத்தினார். நான்கரை ஆண்டு அப்படி விட்டது இந்தப் பிராந்தியத்தை அமெரிக்கா எவ்வளவு அலட்சியமாகப் பார்த்தது என்பதற்குச் சான்று என்றே நான் சொல்வேன்.

ஒப்புதலுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். தாமதம் வருவது ஒரே உறுப்பினர் போடும் தடையால். அதைத் தாண்ட அவை நேரம் செலவாகும். 2025 அக்டோபரில் இதே பதவிக்கு பால் கபூர் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களோடு ஒரே தொகுப்பாகத் தேறினார்.

வைகைக்கரை
நன்றி. எத்தனை நாடுகள் இவர் எல்லைக்குள்?

கோப்புக்காரன்
பதின்மூன்று. தெற்காசியப் பிரிவு தனியாக வந்தது 1992இல். அதுவரை மத்திய கிழக்கோடு சேர்ந்திருந்தது. 2006இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகளை ஐரோப்பியப் பிரிவிலிருந்து எடுத்து இதில் சேர்த்தார்கள். மியான்மர் கிழக்காசியப் பிரிவில், ஈரான் மத்திய கிழக்குப் பிரிவில்.

ராணுவத்தின் கோடு வேறு: இந்தியா இந்தோ-பசிபிக் கட்டளையகத்தில், பாகிஸ்தான் மத்தியக் கட்டளையகத்தில். அதனால் இரு நாடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நெருக்கடியில் இவர் இரண்டு தலைமையகங்களோடு பேச வேண்டும்.

செந்தூரன்
சிறப்புத் தூதர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009இல் ரிச்சர்ட் ஹோல்புரூக் நியமிக்கப்பட்டதும் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் நடைமுறையில் இந்தப் பிரிவின் கையைவிட்டுப் போயின. அதே ஆண்டு மே மாதம் உதவிச் செயலரான ராபர்ட் பிளேக், அதற்கு முன் 2006 முதல் கொழும்பில் தூதராக இருந்தவர். போரின் கடைசி மாதங்களை அங்கிருந்தே பார்த்தவர் என்பதால், இலங்கைக் கோப்பு அவர் மேசையில் வெறும் காகிதமாக இருந்திருக்க முடியாது.