கோளாறு மெஷினில் இல்லை: மூன்று வீடுகளின் வாஷிங் மெஷின் அனுபவங்கள்

ஐப்பசி மழையில் நான்கு நாள் துணி சேர்ந்துவிட்டது. ஞாயிறு காலை மெஷினில் போட்டால், தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கிறது, டிரம் மட்டும் சுற்றவில்லை. சற்று நேரத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது. மீண்டும் ஸ்டார்ட்டை அழுத்தினேன். மீண்டும் தண்ணீர். நாலைந்து முறை அழுத்தியிருப்பேன். "தொட்டி பாதிக்கு வந்துவிட்டது, எந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கிறாய்?" என்று மாடியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

வந்த மெக்கானிக் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. கதவருகே குனிந்து பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது மேடம், 7,500 ரூபாய் ஆகும்" என்றார். மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையைத்தான் போர்டு என்கிறார். வந்ததற்கு 400 ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். கையில் பணமில்லை என்பதைத்தான் யோசனை என்று சொல்லிக்கொண்டேன்.

இரவு வீடு அடங்கிய பிறகு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது: தரையில் இருக்கும் சாக்கடைத் துளைக்குள் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம். மெஷின் தண்ணீர் எடுக்கிற நேரத்தில் வெளியே போவது எந்தத் தண்ணீர்? பம்ப் ஓடும் உறுமலும் இல்லை. கழிவுநீர்க் குழாயைத் துளையிலிருந்து உருவினேன். சோப்பு கலந்த தண்ணீர் சீராக ஊற்றியது. குழாயின் நுனியை இடுப்பளவு தூக்கினேன், நின்றுவிட்டது. இரண்டு நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், டிரம் சுற்றத் தொடங்கியது. கொடிக்கம்பத்தைப் பிடித்தவள் போல அந்தக் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தேன்.

முந்தைய வாரம் டைல்ஸ் வேலைக்கு வந்த பிளம்பர், நீளம் போதவில்லை என்று மெஷினின் முதுகிலிருந்த கொக்கியிலிருந்து குழாயைக் கழற்றி, நேராகத் தரைத் துளையில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். கேனிலிருந்து மண்ணெண்ணெயை உறிஞ்சி விடுவார்களே, அதே சங்கதிதான். குழாயின் வாய் டிரம்மில் இருக்கும் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் தானாக வழிந்துவிடும். மட்டம் ஏறினால்தான், மெஷினுக்குள் தனியாக இருக்கும் மெல்லிய குழாயில் அடைபட்ட காற்று அழுந்தி, தண்ணீர் அளவு பார்க்கும் சென்சாருக்குத் தெரியும். ஏறவே ஏறாததால், அது 'இன்னும் ஊற்று' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கழிவுக் குழாய் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்று கையேட்டில் படமே போட்டிருக்கிறார்கள். பரணில் கிடந்த அந்தக் கையேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்தேன்.

*

எங்களுக்கும் போர்டு என்றுதான் சொன்னார்கள். எங்களுடையது மேலே திறக்கும் மெஷின், அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், மோட்டாரில் அசைவே இருக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருக்கிறது! தேங்காய் நார், செய்தித்தாள் துணுக்கு, அம்மா மாதக்கணக்கில் தேடிய ரவிக்கைத் துணியில் பாதி. மோட்டாருக்குப் போகும் வயரை எலி இரண்டு இடத்தில் கடித்திருந்தது. வயரை ஒட்டுப் போட எலக்ட்ரீஷியன் 350 ரூபாய் வாங்கினார். அடியில் வலை அடித்துவிட்டோம். எலி இப்போது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குடியேறியிருக்கிறது.

*

தண்ணீர் வெளியேறாமல் நின்றால், முன்பக்கக் கதவு உள்ள மெஷினில் கீழ் மூலையிலிருக்கும் சிறிய மூடியைத் திறந்து ஃபில்டரைப் பாருங்கள். முதலில் தட்டையான தாம்பாளம் ஒன்றை வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். நான் ஒரே திருகாகத் திருகி ஹால் வரை வெள்ளம் விட்டேன். ஃபில்டரில் கிடைத்தவை: இரண்டு ரூபாய் நாணயம், துருப்பிடித்த ஊக்கு, மூன்று பட்டன், தலைமுடிச் சுருள். அந்தச் சுருளுக்குள் என் மனைவியின் ஜிமிக்கித் திருகாணி.

அது காணாமல் போன வாரம், வேலைக்கு வரும் அக்காவிடம் "பெருக்கும்போது பார்த்தீர்களா?" என்று மூன்று முறை கேட்டிருந்தோம். மூன்றாவது முறை அவர் பதில் சொல்லவில்லை. கிடைத்துவிட்டது என்று அவரிடம் யார் சொல்வது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடிவிட்டது.