ஒகேனக்கல்லில் மீன் வாங்கிச் சமைக்கக் கொடுக்கிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்வது

கிருஷ்ணகிரியிலிருந்து

ஒகேனக்கல்லில் மீன் சாப்பிட இரண்டு வழி. கடைவாசலில் மசாலா தடவி அடுக்கியிருப்பதைப் பொரித்து வாங்கலாம். இல்லையென்றால் பச்சை மீன் வாங்கி, விறகடுப்பில் சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுக்கலாம். குடும்பமாகப் போனால் இரண்டாவதுதான் சரி, ஆனால் வரிசை மாறக் கூடாது. இறங்கியதும் மீன். அதைக் கொடுத்துவிட்டுப் பரிசல், எண்ணெய் மசாஜ், குளியல். திரும்பி வந்ததும் இலை போட்டுவிடலாம். முதலில் பரிசல் ஏறிவிட்டுப் பசியோடு வந்து மீன் தேடினால் எல்லாம் அவசரமாகிவிடும். அரை மணி நேரமாவது ஊறாத மீனில் மசாலா பிடிக்காது, எண்ணெயிலேயே உதிர்ந்துவிடும். பசித்த முகங்களைப் பார்த்துத் தீயை ஏற்றினால் மேலே கருகும், நடுமுள்ளை ஒட்டிய சதை சிவப்பாகவே நிற்கும்.

பென்னாகரத்திலிருந்து

மீன் எடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி இவைதான் அதிகம் வரும். கெளுத்தியும் வாளையும் அன்றன்றைய வரத்தைப் பொறுத்தது. சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் ஜிலேபி வாங்குங்கள், நடுமுள்ளை உருவினால் போதும். ரோகு, மிர்காலில் முதுகுப் பக்கமும் வால் பக்கமும் சதைக்குள் கவட்டை முள் ஓடும், பெரியவர்களே நிதானமாகத்தான் சாப்பிட வேண்டும்.

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் தராசில் போட விடாதீர்கள். சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ பழுப்பாகவோ இருந்தால் பழசு. அப்புறம் வயிற்றில் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம், கெண்டை வகை மீன் வயிற்றிலிருந்துதான் கெட ஆரம்பிக்கும்.

அறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஈரலை ஒட்டிப் பச்சையாக ஒரு சின்னப் பை இருக்கும், அதுதான் பித்தப்பை. கத்தி பட்டு உடைந்தால் அந்த இடத்தை உடனே அலசி, பச்சை படிந்த சதையைச் செதுக்கி எறியச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் குழம்புச் சட்டி முழுக்கக் கசக்கும், எவ்வளவு புளி ஊற்றினாலும் போகாது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலையும் உரசி எடுக்க வேண்டும். சேற்று வாடைக்குக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசினால் நன்றாகவே குறையும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து

அடுப்புக்காரரிடம் மீனைக் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். கூலி கிலோ கணக்கா, மொத்தமா? மசாலாவும் எண்ணெயும் அதில் சேர்த்தியா? சாதமும் ரசமும் உண்டா? குழம்புக்குத் தனிக் காசா? இதெல்லாம் பேசாமல் விட்டுச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வாக்குவாதமே வருகிறது. கூட்டமான நாளில் நாலைந்து குடும்பத்து மீன் ஒரே அடுப்படியில் காத்திருக்கும். கலந்துவிடுவது சகஜம், யாரையும் குறை சொல்ல முடியாது. மூடி போட்ட தூக்கில், துண்டுகளை அவர்கள் எதிரிலேயே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

வாணலியில் எண்ணெய் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தால் அதில் பொரிக்க வேண்டாம் என்று பணிவாகச் சொல்லலாம். அரை லிட்டர் கடலை எண்ணெய் கையோடு கொண்டு போங்கள். தோசைக்கல்லில் வறுக்க ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 மில்லி போதும், மிச்சம் அடுத்த ஈட்டுக்கு ஆகும். இந்த ஒரு செலவில் மீனின் ருசியே மாறிவிடுகிறது.

பாலக்கோட்டிலிருந்து

ஐந்து பேருக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். 2 கிலோ கட்லா ஒன்று. செதில், செவுள், குடல் போனால் ஒன்றரை கிலோவை ஒட்டி நிற்கும். தலையும் வாலும் குழம்புக்கு, நடுத்துண்டு வறுவலுக்கு. துண்டு ஒரு விரல் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. குழம்புக்கு எலுமிச்சை அளவு புளி. மாங்காய் காலமென்றால் புளியைப் பாதியாக்கி, நம் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய் ஒன்றை நறுக்கிப் போடச் சொல்லுங்கள். மீன் வெந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். இறக்கிக் கால் மணி நேரம் விட்டுத்தான் பரிமாற வேண்டும்.

தர்மபுரியிலிருந்து

கிளம்பும் முன், தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவு என்று செய்தியில் பாருங்கள். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் இரண்டும் திறந்துவிட்டால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆடி 18 அன்று மீனை நிதானமாகப் பார்த்து வாங்க இடமே இருக்காது, வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான், ஆனால் பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கும் மலைப்பாதை. யானை நடமாட்டம் உண்டு. சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே மேலேறிவிடலாம். பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டால் குரங்குகளைக் கவனிக்க ஒருவர் கையில் குச்சியோடு நிற்கட்டும். இலையை விட எண்ணெய்ப் புட்டியையும் பையையும்தான் அவை முதலில் தூக்கும்.