பாஸ்கா திரி: எப்போது ஏற்றுவது, நடுவில் குழி விழுவது ஏன்?

கேள்வி: பாஸ்கா திரியை (ஈஸ்டருக்குக் கோவிலில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) ஞாயிறு மட்டும் ஏற்றினால் போதுமா? எங்கள் திரியில் சுற்றிலும் மெழுகு சுவர்போல் நிற்க, சுடர் உள்ளே மூழ்கி அணைகிறது.

பதில் 1: ஞாயிறோடு நிறுத்த வேண்டாம் சகோ. ஈஸ்டர் முதல் தூய ஆவி பெருவிழா வரை, 50 நாளும் வாசக மேடை அல்லது பீடத்தின் அருகே நிற்கட்டும். திருப்பலி, காலை மாலைச் செபமான புகழ்மாலை எல்லாவற்றுக்கும் ஏற்றலாம். பிறகு திருமுழுக்குத் தொட்டி அருகே. அதன்பின் திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் மட்டும். ஆண்டு முழுக்கப் பீடத்தருகே வைத்திருப்பது பல இடங்களில் நடக்கும் தவறு.

பதில் 2: குழி விழக் காரணம், உடனே உடனே அணைப்பது. தடித்த திரியில் மெழுகு அகலமாக உருக நேரம் வேண்டும். அரை மணியில் அணைத்தால் நடு மட்டும் இறங்கும், அடுத்த முறை இன்னும் ஆழமாகும். திருப்பலிக்குக் கால் மணி முன்பே ஏற்றுங்கள். அணைத்தபின், மெழுகு இளஞ்சூடாக இருக்கும்போதே விளிம்பை விரலால் உள்நோக்கி மடக்குங்கள், ஆறிவிட்டால் உடையும். நடுவிலுள்ள நூலின் கருகிய நுனியை நறுக்கி, சுமார் 1 செ.மீ. விடுங்கள். ஒரு பக்கமாக வழிந்தால் மின்விசிறியைப் பாருங்கள், திரியைக் குறை சொல்லாதீர்கள்!

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. கடந்த ஆண்டுத் திரியில் ஆண்டு இலக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டக் கூடாது. ஆண்டுதோறும் புதுத் திரி, அதுவும் மெழுகில். திரிபோல் செய்து எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழாய் 'திரி' அல்ல.

கேள்வி கேட்டவர்: விளிம்பை மடக்கினேன், சுடர் நிமிர்ந்தது. நன்றி.