ஆல்ட்+டேப்ல தெரியுது, திரையில காணோம்: வேர்டும் குரோமும் மாத்தி மாத்தி வேலை பார்க்க உதவி வேணும்

கேள்வி: மேலூர் ஆன்லைன் சென்டர்

வணக்கம். லேப்டாப், விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1366×768 திரை. கஸ்டமர் பேரு, இனிஷியல் சரிபார்க்க எச்டிஎம்ஐ வழியா ரெண்டாவது மானிட்டர். ஆவணி முகூர்த்தத்துக்கு வேர்டுல நாலஞ்சு பத்திரிகை மேட்டர் எப்பவும் திறந்திருக்கும். நடுவுல வருமானச் சான்று, சாதிச் சான்றுன்னு ஆள் வந்தா குரோமுக்குப் போகணும். மூணு தொல்லை:

1. சில நேரம் வேர்டு ஃபைல் ஆல்ட்+டேப்ல தெரியுது, தேர்ந்தெடுத்தா திரையில வரல. ரெண்டாவது மானிட்டர் அப்ப ஆஃப்ல இருக்கும்.
2. தமிழ்99 கீபோர்டுல அடிச்சிட்டு குரோமுக்கு வந்தா அங்கயும் தமிழே விழுது. அங்க இங்கிலீஷ் மாத்திட்டுத் திரும்பி வந்து "மதுரை"ன்னு அடிச்சா கே எல் டி எம் ஆர்னு அஞ்சு இங்கிலீஷ் எழுத்து நிக்குது.
3. பத்து நிமிஷம் வேர்டுல இருந்துட்டு வந்தா விண்ணப்பப் பக்கம் முதல்ல இருந்து லோடு ஆகுது.

பதில்: சிம்மக்கல் டிடிபி

அண்ணே, முதல் தொல்லையில ஃபைல் எங்கயும் போகல. மானிட்டர் பட்டனை மட்டும் அமுக்கி ஆஃப் பண்ணா, வயர் செருகியே இருக்கிறதால பல மானிட்டர்ல விண்டோஸ் அதையும் ஒரு திரைன்னு கணக்குல வச்சிருக்கும். கடைசியா அந்தப் பக்கம் மூடுன வேர்டு மறுபடியும் அங்கயே திறக்கும்.

உடனே கொண்டுவர: ஆல்ட்+டேப்ல அந்த ஃபைலைத் தேர்ந்தெடுங்க. பிறகு விண்டோஸ் கீ+ஷிஃப்ட்+இடது அம்பு. ஒரு தட்டுல இந்தத் திரைக்குத் தாவிடும்.

மானிட்டரை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி விண்டோஸ் கீ+பி அமுக்கி, முதல்ல இருக்கிற "பிசி ஸ்கிரீன் ஒன்லி" கொடுங்க. எல்லா விண்டோவும் லேப்டாப்புக்கே வந்துடும். திரும்ப வேணும்னா அதே இடத்துல "எக்ஸ்டெண்ட்".

ஒரே திரை இருக்கும்போதே ஏதாவது விண்டோ வெளிய நின்னா: ஆல்ட்+ஸ்பேஸ், எம், ஏதாவது ஒரு அம்பு ஒரு தடவை. இப்ப மௌஸை நகர்த்துனா விண்டோ அதோடயே ஒட்டிக்கிட்டு வரும், வேண்டிய இடத்துல கிளிக் பண்ணுங்க. அம்பு அமுக்காம மௌஸை மட்டும் நகர்த்தினா வராது, நிறைய பேர் விடுறது அதைத்தான். "மூவ்" மங்கலா இருந்தா விண்டோ முழுசா விரிஞ்சிருக்குன்னு அர்த்தம். முதல்ல ஆல்ட்+ஸ்பேஸ், ஆர்.

பதில்: திருமங்கலம்

ரெண்டாவது தொல்லைக்கு: விண்டோஸ் எல்லா விண்டோவுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டுதான் வைக்கும். செட்டிங்ஸ் → டிவைசஸ் → டைப்பிங் → அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போங்க. அங்க ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனி இன்புட் மெத்தட்னு ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்ணுங்க. அதுக்குப் பிறகு வேர்டுல தமிழ்99, குரோம்ல இங்கிலீஷ்னு ஒரு தடவை விண்டோஸ் கீ+ஸ்பேஸ் வச்சு அமைச்சா அது அது அப்படியே நிக்கும்.

இது விண்டோவுக்குத்தான், டேபுக்கு இல்ல. ஒரே குரோம் விண்டோவுல ஒரு டேப் தமிழ், ஒரு டேப் இங்கிலீஷ்னா பழைய கதைதான். விண்ணப்ப டேபைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டுத் தனி விண்டோ ஆக்கிடுங்க.

இன்னொன்னு: வேர்டு தானாவும் கீபோர்டை மாத்தும். ஃபைல் → ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டுல, சுத்தியிருக்கிற எழுத்தின் மொழிக்கு ஏத்தபடி கீபோர்டை மாத்துற வரி இருக்கும், அந்த டிக்கை எடுத்துடுங்க. தமிழ்99ஐ விண்டோஸ்ல சேர்த்திருந்தாத்தான் இதெல்லாம் செல்லும். தனி தமிழ் டைப்பிங் மென்பொருள் ஓடுச்சுன்னா அதோட குறுக்கு விசையைத்தான் பார்க்கணும்.

பதில்: உசிலம்பட்டி

மூணாவதுல ரெண்டு வியாதி ஒரே மாதிரி தெரியும். திரும்பி வந்ததும் லாகின் கேட்டா, அந்தத் தளமே நேரம் முடிஞ்சதுன்னு வெளிய தள்ளியிருக்கு. அதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல மருந்து இல்ல. லாகின் அப்படியே இருந்து பக்கம் மட்டும் புதுசா லோடு ஆனா, ரேம் மிச்சம் பிடிக்க குரோம் அந்த டேபைத் தூங்க வச்சிருக்கு.

பாதி நிரப்புன படிவத்தைக் குரோம் பொதுவா தூங்க வைக்காது. "நெக்ஸ்ட்" கொடுத்து வந்த புதுப் பக்கத்துல ஒரு எழுத்தும் அடிக்காம விட்டுட்டுப் போறதுதான் ஆபத்து. குரோம் செட்டிங்ஸ் → பெர்ஃபார்மன்ஸ்ல மெமரி சேவருக்குக் கீழ, எப்பவும் முழிச்சிருக்க வேண்டிய தளங்கள் பட்டியல்ல விண்ணப்பத் தளத்தைச் சேருங்க. மெமரி சேவரையே அணைக்க வேணாம், 4 ஜிபி தாங்காது.

என்னைக் கேட்டா, படிவத்தைத் திறந்துட்டு ஸ்கேன் பண்ணப் போறதுதான் தப்பு. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, கேட்ட அளவுக்குச் சுருக்கி, ஆள் பேருல ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டு அப்புறம் லாகின் பண்ணுங்க. பாதி விண்டோ மாத்துற வேலையே இருக்காது.

மேலூர்: ரொம்ப நன்றிண்ணே. விண்டோஸ்+ஷிஃப்ட்+அம்பு அடிச்சதும் காணாமப்போன ரெண்டு பத்திரிகையும் வந்துருச்சு. கீபோர்டும் சரி. ஒண்ணு மட்டும்: அப்பப்ப வேர்டுல எங்க கிளிக் பண்ணாலும் "டிங்"னு சத்தம், எதுவும் நடக்கல. டாஸ்க் மேனேஜர்ல கொன்னுட்டுத் திரும்பத் திறக்கிறேன்.

சிம்மக்கல் டிடிபி: கொல்லாதீங்க, சேவ் பண்ணாதது போயிடும். அந்தச் சத்தம், வேர்டு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து உங்க பதிலுக்காகக் காத்திருக்குன்னு சொல்றது. "சேவ் ஆஸ்" மாதிரி ஏதோ ஒண்ணு ஆஃப்ல இருக்கிற மானிட்டர்ல நிக்கும், இல்ல வேற விண்டோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். ஒரு தடவை எஸ்கேப் அமுக்குங்க. போகலைன்னா விண்டோஸ் கீ+பி, "பிசி ஸ்கிரீன் ஒன்லி". பெட்டி கண்ணுக்கு முன்னாடி வந்துடும்.

திருமங்கலம்: டாஸ்க்பார்ல குரோமை முதல்லயும் வேர்டை ரெண்டாவதும் பின் பண்ணிட்டா, விண்டோஸ் கீ+1 குரோம், விண்டோஸ் கீ+2 வேர்டு. விண்டோஸ் கீயை விடாம 2ஐத் திரும்பத் திரும்பத் தட்டுனா நாலு பத்திரிகையும் வரிசையா வரும். கண்ட்ரோலும் சேர்த்து அமுக்குனா கடைசியா பார்த்த பத்திரிகைக்கே நேராப் போகும். ஆல்ட்+டேப்ல எண்ணிக்கிட்டு இருக்க வேணாம்.

மேலூர்: ஆதார் ஒரு பாதி, படிவம் ஒரு பாதின்னு வச்சா படிவம் நசுங்குதே?

உசிலம்பட்டி: 1366ல பாதி 683தான், அந்த அகலத்துல நிறைய படிவம் உடையும். குரோமை விண்டோஸ் கீ+இடது அம்பு, ஆதாரை வலது அம்பு கொடுத்துட்டு, நடுக்கோட்டைப் பிடிச்சு வலப்பக்கம் தள்ளுங்க. குரோமுக்கு மூணுல ரெண்டு பங்கு போதும். அப்படியும் இடிச்சா கண்ட்ரோல்+மைனஸ் ரெண்டு தட்டு, 80 சதவீதம் ஆகும். திரும்ப 100க்கு கண்ட்ரோல்+0.